கழுவியும் போகாத மஞ்சள்

முதல் வலி கப்பலின் அடித்தளத்தில் வந்தது. துறைமுகத்தில் கந்தகம் இறக்கிக்கொண்டிருந்தோம். வலது விலாவுக்குக் கீழே பிடித்து, முதுகு வழியாகத் தோள்பட்டைக்கு ஏறியது. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றேன். வாயு என்று நினைத்துச் சோடா குடித்தேன். வலி வரும்போதெல்லாம், எட்டு மாதம் சோடா குடித்தேன். நினைத்தால் இன்றும் எரிச்சலாக இருக்கிறது.

கந்தகக் கப்பல் வந்தால் எங்கள் கூட்டத்தில் எல்லோரும் மஞ்சள்தான். இமை மயிர், காது மடல், கால் நகம்வரை மஞ்சள். அந்த வெக்கையில் வேர்த்து வேர்த்து மூத்திரமும் நிறம் மாறிப்போகும். அதனால் இரண்டு முறை வலிக்குப் பின் என் கண் மஞ்சளாகி, மூத்திரம் டிக்காஷன் போலப் போனபோது நான் கவலைப்படவில்லை. கூட வேலை செய்யும் கபாலி என் கண்ணைப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"மாமு, கந்தகம் உள்ளயே எறங்கிகினு கீது. பீடி பத்த வெக்காத, வெடிச்சிடுவ."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நாலைந்து நாளில் கண் வெளுத்தது. மறந்துவிட்டேன்.

பிறகு வலி தாங்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். முந்தின நாள் மாத்திரை விழுங்கச் சொல்லி எக்ஸ்ரே எடுத்தார்கள். பித்தப்பையில் (ஈரலுக்கு அடியில் பித்தத்தைச் சேர்த்து வைக்கும் பை) கற்கள் இருந்தன. பையையே எடுத்துவிட வேண்டும் என்றார்கள்.

அறுவைக்கு முன் டாக்டர் என் கட்டிலருகே வந்தார். பின்னால் படிக்கிற பிள்ளைகள் பத்துப் பேர், பெண்களும் இருந்தார்கள். எப்போதாவது கண் மஞ்சளானதா, மூத்திரம் கறுத்துப் போனதா, மலம் வெளுத்ததா என்று வரிசையாகக் கேட்டார். எனக்கு நாலு பேர் எதிரில் பேர் சொல்லவே நாக்கு எழாது. கண்ணை நினைத்தேன். அது கந்தகம்தானே என்று தோன்றியது. மற்றதைச் சொல்லக் கூச்சம். "இல்லீங்க" என்றேன். எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அந்த ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று பிறகுதான் தெரிந்தது.

பையை எடுத்தார்கள். தையல் பிரித்து வீட்டுக்கு வந்தேன். ஒரு மாதம் கழித்து அதே இடத்தில் அதே வலி. வெளிநோயாளிப் பிரிவில், பையைத்தான் எடுத்தாயிற்றே, எப்படி வலிக்கும் என்று கேட்டு, வாயுவுக்கு வெள்ளை மருந்து கொடுத்தார்கள். மறு வாரம் போனேன், அதே மருந்து. எடுத்து எறிந்த பை வலிக்கிறது என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. போவதை நிறுத்திவிட்டேன்.

ஒரு காலை கஞ்சி கொடுக்க வந்த என் மனைவி மேரி, என் முகவாயைப் பிடித்து வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கண் மஞ்சளாக இருக்கிறதே என்றாள். வாய் தவறி, கந்தகமாக இருக்கும் என்றேன்.

"ரெண்டு மாசமா வூட்ல படுத்துகினு கீற. கந்தகக் கப்பல் இன்னா, நம்ம வூட்டாண்டயா வந்து நிக்குது?"

அப்போதுதான் பழைய மஞ்சளையும், டாக்டரிடம் இல்லை என்றதையும் அவளிடம் சொன்னேன்.

அன்றே கூட்டிப்போனாள். பழைய மஞ்சளையும் டிக்காஷன் நிறத்தையும் அன்று கேட்ட அதே டாக்டரிடம் அவள்தான் சொன்னாள். அவர் பேனாவை வைத்துவிட்டு விளக்கினார். பையிலிருந்து கல் நழுவிப் பித்தக்குழாயில் (பித்தம் குடலுக்கு இறங்கும் வழி) போய் அடைத்தால் இப்படி ஆகும். அறுக்கும்போதே அந்தக் குழாயில் சாயம் செலுத்திப் படம் எடுத்துப் பார்க்கலாம். எல்லோருக்கும் எடுப்பதில்லை. மஞ்சள் கண்டவர்களுக்கு எடுப்பார்கள்.

"நான் கேட்டேனேப்பா" என்றார்.

"கந்தகம்னு நெனச்சிட்டேங்க."

அவர் பேனாவை எடுத்து என் சீட்டில் அதை எழுதினார். பிறகு, "என்ன வேலைன்னு நானும் கேக்கல" என்றார்.

மறுபடி அறுத்தார்கள். குழாயிலிருந்து இரண்டு கல் வந்தன. உள்ளே ரப்பர் குழல் வைத்து வெளியே புட்டியில் பித்தம் வடியவிட்டார்கள். பத்தாம் நாள் அந்தக் குழல் வழியே சாயம் விட்டுப் படம் எடுத்தார்கள். டாக்டர் அதை ஜன்னலில் பிடித்தார். படத்தில் சாயம் ஓடிய வழி வெள்ளைக் கோடாகத் தெரிந்தது, அதன் நடுவே ஒரு கறுப்புப் பொட்டு. கல்லாக இருக்கலாம், காற்றுக் குமிழாகவும் இருக்கலாம், மூன்று நாள் கழித்துப் பார்ப்போம் என்றார். கல்லாக இருந்தால் மூன்றாம் முறை. மேரி ஜெபமாலையை எடுத்தாள். நான் புட்டியில் சொட்டுவதையே பார்த்துக் கிடந்தேன். அடுத்த படத்தில் கோடு சுத்தமாக இருந்தது. நான் நம்பாமல் இன்னொரு தடவை பார்க்கச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் நானாக வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான்.

இதைப் படிக்கிறவர்கள் கட்டிலில் இருந்தால், கேட்டதற்கும் கேட்காததற்கும் பதில் சொல்லுங்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். கூச்சம் ஆறு அங்குலத் தையலைவிடப் பெரிதல்ல. என்னிடம் இரண்டு தையல் இருக்கின்றன.

இப்போது மறுபடி துறைமுகம் போகிறேன். முன்பு என் நாட்கள் கப்பல் வருவதையும் போவதையும் வைத்து ஓடின. இப்போது ஒரு முகம் கழுவலுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஓடுகின்றன. கந்தகக் கப்பல் வந்தால் மாலையில் குழாயடியில் மூன்று தடவை கழுவிவிட்டு, கீழ் இமையை இழுத்துக் கபாலியிடம் காட்டுகிறேன். அவன் பீடியைத் தூர எறிந்துவிட்டுக் குனிந்து பார்க்கிறான்.

"வெள்ளயாத்தான் கீது மாமு" என்கிறான்.

அதற்குப் பிறகுதான் சட்டையைப் போடுகிறேன்.