கை என்னுடையது

நான் படிப்பிக்கும் பாடசாலை விட்டு ஸ்கூட்டியில் வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். சவளக்கடைப் பக்கம் வயலுக்குள்ளிருந்து ஓர் உழவு இயந்திரம் வீதியைப் பார்க்காமலே ஏறி என்னை மோதியது. தலை ஒரு பக்கமும் தோள் மறுபக்கமும் இழுபட்டதில், இடது கைக்குப் போகும் நரம்புகள் கழுத்தடியில் அறுந்துபோயின. அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. "தோளெலும்பு பொருந்திட்டு. கை தன்னால வரும்" என்று கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பினார்கள்.

கை வரவில்லை. தொட்டால் தெரியாது, உள்ளே மட்டும் நெருப்பாய் எரியும்.

கணவரின் மூத்த சகோதரி பார்க்க வந்தார். "இடது கைதானே புள்ள. சோத்துக் கைய அல்லாஹ் காப்பாத்தித் தந்திரிக்கான். பொறுமையா இரிங்க."

"ஒத்தக் கையால தலைமுடி கட்டிப் பாருங்க மதினி. அழுகிற புள்ளயத் தூக்கிப் பாருங்க. அதுக்குப் பொறகு சொல்லுங்க" என்றேன். தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். கணவர் என்னைக் கோபித்தார். நான் கொழும்புக்குக் கூட்டிப் போகச் சொன்னேன். சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் போனோம்.

அங்கே சத்திரசிகிச்சை நிபுணர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, என்னைத் தாண்டி என் கணவரிடம் கேட்டார்: "ஏன் இவ்வளவு நாள் வெச்சிருந்தீங்க? அவங்களால விரலை அசைக்க முடியுதா?"

"டொக்டர், கை என்ட. என்னோட கதைங்க."

கணவர் தலை குனிந்துகொண்டார். டொக்டர் கதிரையை என் பக்கம் திருப்பினார். விலா எலும்புகளுக்கிடையே ஓடும், மூச்சிழுக்க உதவும் நரம்புகளை எடுத்துக் கையோடு இணைக்கலாம் என்றார். "முழங்கை மடங்கலாம். விரலுக்குக் காலம் கடந்துட்டு. சில மாசத்துக்குள்ள வந்திருந்தா அதுக்கும் முயற்சி செய்திருக்கலாம்."

அந்த மாதங்களில் நான் வீட்டில் சும்மாவா இருந்தேன்? கிளினிக் வரிசையில் அல்லவா நின்றேன்!

சத்திரசிகிச்சை முடிந்து நெடுநாள் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு காலை, மூச்சை ஆழமாக இழுத்தபோது இடது மேல்கையில் தசை துடித்தது. "உம்மா, இஞ்ச ஓடி வாங்க!" உம்மா உள்ளங்கையை அதன்மேல் வைத்தார். நான் மறுபடி மூச்சை இழுத்தேன். உம்மா அழுதுவிட்டார்.

இப்போது முழங்கை மடங்குகிறது. மாணவர்களின் கொப்பிகளை அந்த மடிப்புக்குள் இடுக்கிக்கொண்டு வகுப்புக்குப் போகிறேன். விரல்கள் அசைவதில்லை. கிடைத்ததற்கு நன்றி சொல்லச் சொல்கிறார்கள். ஐந்து வேளையும் சொல்கிறேன். ஆனால் கிளினிக்கில் அந்த மேசைக்குப் பின்னால் இருந்தவர்களை மன்னிக்கச் சொல்லாதீர்கள். அதற்கு நான் இன்னும் தயாரில்லை.