பீஸ் வளராது

எங்கள் பக்கம் டொக்டரிடம் போனால், வருத்தத்தைச் சொல்வதற்கு முன் உடம்பில் எங்கெங்கே செல் பீஸ், அதுதான் எறிகணை வெடித்துப் பாய்ந்த இரும்புத் துண்டு, கிடக்கிறது என்று சொல்லுவோம். யுத்தத்துக்குப் பிறகு வந்த வழக்கம். எங்கள் ஊர் விசுவமடுவில் பீஸ் இல்லாத உடம்பைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். எனக்குத் தொடையில் ஒன்று. என் மனைவிக்கு இடது பக்க நெஞ்சில் ஒன்று. எடுத்தால் ஆபத்து, கிடக்கட்டும் என்று அப்போதே சொல்லிவிட்டார்கள்.

ஆகவே, இடது மார்பில் கடலை அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டபோது இவள் பயப்படவில்லை.

"பீஸ் இறங்கியிருக்குதப்பா," என்றாள்.

இரும்பு நகரும், மழைக்குக் குத்தும். எங்களுக்குத் தெரியாத சங்கதியா? என்றாலும் நான் விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சனம் நெருக்கித் தள்ளியது. இளம் டொக்டர் தலை நிமிரவில்லை.

"என்னம்மா செய்யுது?"

"பழைய பீஸ் ஒண்டு ஐயா. கையில தட்டுப்படுது."

"நோகுதோ?"

"இல்லை ஐயா."

"நோகாட்டி அது பாட்டுக்குக் கிடக்கட்டும். அடுத்த ஆள் வாங்கோ."

தொடவேயில்லை. திரைக்குப் பின்னால் கட்டில் வெறுமையாகத்தான் கிடந்தது. ஒரு தாதியைக் கூப்பிட்டு, இவளைப் படுக்கவைத்து, ஒருமுறை கை வைத்துப் பார்க்க எவ்வளவு நேரம் போகும்? நோகாத கட்டிக்குத்தான் பயப்படவேண்டும் என்று எனக்குத் தெரியாது, நான் வயல் செய்கிறவன். அவன் அதைப் படித்தவன். நாசமாய்ப் போனவன்! இவளோ சட்டை கழற்றாமல் தப்பிவிட்டேன் என்று சிரித்துக்கொண்டு சைக்கிளில் ஏறினாள்.

அடுத்த மாரியில் இருமலுக்கு மருந்தெடுக்கப் போனோம். அன்றைக்கு இருந்தது ஒரு பெண் டொக்டர். வழக்கப்படி இவள் பீஸைச் சொன்னாள்.

"எங்கை, காட்டுங்கோ பாப்பம்," என்று திரையை இழுத்தார் அவர்.

மார்பையும் அக்குளையும் நெடுநேரம் தடவிப் பார்த்தார். இடைப்பட்ட மாதங்களில் மார்புத் தோல் தோடம்பழத் தோல் மாதிரிக் குழிகுழியாக வந்திருந்தது. பிறகு என்னையும் உள்ளே கூப்பிட்டார்.

"இது முதலும் இந்தளவோ?"

"இல்லை டொக்டர், சின்னனா இருந்தது. இப்ப பெருத்திட்டுது," என்றாள் இவள்.

"பீஸ் வளராது அம்மா."

பிறகு அவர், "முந்தியே வந்திருந்தால்..." என்று தொடங்கினார்.

"முந்தியே வந்தனாங்கள்!" என்று கத்தினேன். "ஒருத்தரும் தொட்டுப் பாக்கேல்லை!"

அவர் என்னை அதட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். தலைமயிர் கொட்டியது, இடது மார்பு போனது, அப்படியும் ஈரலுக்கு ஏறிவிட்டது. அறுவடை முடிவதற்கு முன் அவளும் போய்விட்டாள்.

காடாத்துக்குச் சுடலைக்குப் போய், சாம்பலில் பால் தெளித்து எலும்பு பொறுக்கினோம். என் கையில் கறுத்த இரும்புத் துண்டு ஒன்று தட்டுப்பட்டது. சுண்டுவிரல் நகமளவுதான். இவ்வளவு காலமும் அவளுக்குள்ளே கிடந்திருக்கிறது. அவளை அது ஒன்றும் செய்யவில்லை.