பெயர் வெட்டிய டம்ளர்

என் சமையலறை அலமாரியில் ஓர் எவர்சில்வர் டம்ளர் தனியாக இருக்கிறது. விளிம்பு ஓரிடத்தில் நசுங்கியிருக்கும். வயிற்றுப் பக்கத்தில் அத்தையின் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டப்பட்டிருக்கும். கல்யாணச் சீரில் வந்தது. அதில் இப்போது யாரும் குடிப்பதில்லை. பழைய பாத்திரக்காரரிடம் போட்டுவிடலாம் என்று என் மனைவி சொல்லிப் பார்த்தாள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதும் விட்டுவிட்டாள்.

அத்தை என் அப்பாவின் அக்கா. கோவளம் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டு, மாமா போன பிறகு தாம்பரத்துக்கு வந்தவள். ரயில்வே கேட்டை ஒட்டிய சந்தையில் மீன் விற்றாள். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. வண்டலூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து நான் அத்தையின் வீட்டில்தான் தங்கியிருந்தேன். அரசியல்வாதி வாயைத் திறந்தாலே பொய் என்று தீர்மானமாக நம்பிய வயது எனக்கு. அத்தைக்கு அந்த வசதி இல்லை. வாடிக்கைக்காரர் முன்னால் மீனின் செவுளைத் தூக்கிக் காட்டி விற்கிறவள் அவள். எதையும் தூக்கிப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல அவளுக்கு வராது.

கேட்டை எடுத்துவிட்டு சப்வே கட்டப் போகிறார்கள், சந்தை முழுக்க இடிபடும் என்று அப்போது பேச்சு வந்தது. எங்கள் வார்டு கவுன்சிலர் சந்தை வாசலிலேயே பந்தல் போட்டு உண்ணாவிரதம் உட்கார்ந்தார். அத்தையை 'அக்கா' என்று கூப்பிடுகிற, சின்ன வயதிலிருந்தே அவளிடம் மீன் வாங்கிப் பழகிய மனிதர். "இந்தக் கடைங்க மேல கை வெக்கணும்னா என் மேல ஏறிப் போவட்டும்" என்று மைக்கில் முழங்கினார். பழரசம் கொடுத்து உண்ணாவிரதத்தை முடித்துவைக்க மாவட்டத்திலிருந்து பெரிய தலைவர் வருவதாக இருந்தது. வரவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டு, "மீன்கார அக்கா குடுக்கட்டும்" என்றார் கவுன்சிலர். கண்ணாடி கிளாஸ் தேட நேரமில்லை. அத்தை தான் டீ குடிக்கிற டம்ளரையே கழுவி, சாத்துக்குடிச் சாறு ஊற்றிக் கொடுத்தாள். அவர் ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

"மீன் கவுச்சி அடிச்சிருக்கும்டா. மூஞ்சி சுளிக்கல பாத்தியா?" என்று அன்று வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிப் பூரித்தாள். அதற்குப் பிறகு அந்த டம்ளரைச் சந்தைக்கு வேண்டுமானால் எடுத்துப் போவாள், வேறு யாரும் வாய் வைக்க விடமாட்டாள். எனக்குச் சிரிப்பாக இருந்தது. கேமராக்காரன் பக்கத்தில் நின்றால் யார்தான் முகம் சுளிப்பார்கள்?

அடுத்த கோடையில் அது நடந்தது. கவுன்சிலரின் அம்மாவுக்கு மூச்சுத்திணறல் வந்து ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கேட் மூடியிருந்தது. ஒரு கூட்ஸ் வண்டி ஊர்ந்து போயிற்று. கேட் திறக்கும் என்று பார்த்தால் எதிர்த்திசையில் வரும் இன்னொரு ரயிலுக்காகக் காத்திருக்க வைத்தார்கள். அத்தை டம்ளரில் தண்ணீரோடு ஓடினாள். ஓடிய வேகத்தில் கல்லில் மோதி நசுங்கியதுதான் அந்த விளிம்பு. மிச்சமிருந்த தண்ணீரை அந்தம்மாவின் வாயில் விட்டாள். அது உள்ளே போகாமல் கடைவாய் வழியே வழிந்துவிட்டது. கேட் திறந்தபோது ஆட்டோ புறப்பட வேண்டிய அவசியம் இல்லாமல் போயிருந்தது. கவுன்சிலர் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் புழுதியில் உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

சில மாதங்கள் கழித்து அவர் எதிர்க்கட்சியில் சேர்ந்தார். சப்வே வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்த கட்சி அது; நகராட்சியும் அதன் கையில்தான் இருந்தது. சேர்ந்த கையோடு நகராட்சியில் துணைத்தலைவர் பதவியும் கிடைத்தது. குரோம்பேட்டையில் நடந்த பொதுக்கூட்டத்தில், "எங்கம்மா செத்த எடத்துல இன்னொரு அம்மா சாவக் கூடாது" என்று தழுதழுத்தார். கூட்டம் கை தட்டியது. பெற்ற தாயின் சாவைக்கூட ஓட்டாக்கத் தெரிந்தவன் என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அன்று சாப்பிடும்போது அத்தையிடம் பொரிந்து தள்ளினேன்.

அத்தை தட்டிலேயே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அன்னிக்கு அழுதது நடிப்பில்லடா. நான் பக்கத்துல இருந்தேன்."

"அப்ப பதவி?"

"அதுவும் நெசந்தான். அதுக்கு ஆசப்பட்டுகினுதான் போனான்."

"ரெண்டும் எப்படி அத்தை நெசமாகும்?"

"மீனுன்னா செவுளத் தூக்கிப் பாத்துடுவேன். மனுசனுக்கு செவுளு எங்க கீது?" என்றாள். பிறகு, "அந்தச் செவுளுக்கே செவப்பு தடவி விக்கிறானுங்கோ" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

அவர் சந்தைக்கு வந்தார். அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒளிந்துகொள்ளவில்லை. ஒவ்வொரு கடையாக நின்று கும்பிட்டார். அத்தை எழுந்து நின்று நேராகக் கேட்டாள். "தம்பி, நீ மாறிக்கினது இருக்கட்டும். நான் எங்க போயி உக்கார்றது?" அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, புதுசா கட்டற மார்க்கெட்ல ஒனக்கு எடம் குடுக்காம அந்த சப்வேல நான் கால் வெக்க மாட்டேன். எங்கம்மா மேல சத்தியம்." அத்தை அந்தச் சொல்லை நம்பித்தான் கடையைக் காலி செய்தாள். மற்றவர்கள் கோர்ட்டுக்குப் போகலாம் என்றபோது, "செத்த தாய் மேல எவன் பொய்ச்சத்தியம் பண்ணுவான்?" என்று அவர்களையும் சமாதானப்படுத்தினாள்.

சப்வே வந்தது. புது மார்க்கெட்டும் வந்தது. கடைகளை ஏலம் விட்டார்கள். அத்தையைப் போன்றவர்களின் கைக்கு ஒன்றுகூட வரவில்லை. அவரைப் பார்க்கப் போனபோதெல்லாம் மீட்டிங்கில் இருந்தார். திறப்பு விழா அன்று அத்தை சாலையோரம் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். மேளம் அடித்துக்கொண்டு ஊர்வலம் சப்வேக்குள் இறங்கியது. முன்வரிசையில், மாலையும் கழுத்துமாக, அவர் இறங்கினார். சிரித்துக்கொண்டே இறங்கினார் என்று பக்கத்தில் பூ விற்ற பெண் என்னிடம் சொன்னாள். மறுநாள் முதல் அத்தை அந்த டம்ளரால் கூடை மீனுக்குத் தண்ணீர் தெளிக்க ஆரம்பித்தாள்.

அதன் பிறகு போலீஸ் விரட்டினால் எழுந்து ஓடுவதும் திரும்பி வந்து உட்காருவதுமாக இருந்தாள். ஒருநாள் வெயிலில் கூடைப் பக்கத்திலேயே சரிந்துவிட்டாள். நான் போய்ச் சேர்வதற்குள் ஆம்புலன்ஸில் ஏற்றியிருந்தார்கள். நான் உள்ளே ஏறியதும் என் கையைத் தடவி, "கேட்டு மூடிகீதா?" என்று கேட்டாள். இல்லை அத்தை, சப்வேயில் போய்க்கொண்டிருக்கிறோம் என்றேன். வண்டி எங்கும் நிற்காமல் ஏறி வெளியே வந்தது. "அந்தம்மாக்கு அன்னிக்கு இது இருந்திருக்கலாம்" என்றாள். அதுதான் கடைசி. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். இருந்தும் ஆஸ்பத்திரியில் அவளைக் காப்பாற்ற முடியவில்லை. இவ்வளவு பெரிய மனதை அவள் எங்கே வைத்திருந்தாள் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. எனக்கு அது வாய்க்கவில்லை.

அதற்கடுத்த தேர்தலில் அவர் மூன்றாவதாக ஒரு கட்சியில் இருந்தார். ஓட்டுக் கேட்டுத் திருநீர்மலைச் சாலையில் உள்ள எங்கள் ஃப்ளாட்டுக்கு வந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நல்ல வெயில். "தம்பி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி" என்றார். உள்ளே போனேன். வேண்டுமென்றேதான் அந்த டம்ளரை எடுத்தேன். இவருக்கு எதுவும் ஞாபகம் இருக்காது, குடித்துவிட்டுப் போவார், இவ்வளவுதான் இந்த மனிதர் என்று தெரிந்துகொண்டால் என் கணக்கு தீர்ந்துவிடும் என்று நினைத்தேன்.

வாயருகே கொண்டுபோனவர் நிறுத்தினார். நசுங்கிய விளிம்பைக் கட்டை விரலால் தடவினார். திருப்பி, வெட்டியிருந்த பெயரைப் படித்தார். சுற்றியிருந்தவர்கள் துண்டுப் பிரசுரத்தைக் கதவிடுக்கில் செருகிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா எங்க?" என்றார்.

"போயிட்டாங்க."

அவர் கண் கலங்கியது. நடிப்பில்லை. நானும் பக்கத்தில்தான் இருந்தேன். மறந்திருந்தால் ஒருவேளை மன்னித்திருப்பேன். எல்லாம் ஞாபகம் இருந்திருக்கிறது, திறப்பு விழா அன்றும் அந்தச் சத்தியத்தின் ஞாபகத்தோடுதான் சப்வேக்குள் இறங்கியிருக்கிறார். தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் குடித்து, டம்ளரை இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார். பிறகு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, எதிர்வீட்டு மணியை அடித்துக் கும்பிட்டார்.