தண்டவாளம் அடித்தால் எந்தப் பக்கம் ஓடுவது?

போன வாரம் நாகலூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் தீ வைத்தேன். பதறாதீர்கள்... ஒத்திகைதான்!

வேலை செய்கிற இடத்தில் கை கால் போகாமல் இருக்கச் சொல்லிக் கொடுப்பது என் தொழில். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று அந்த எஸ்டேட் காபியை வாங்கத் தயாராக இருந்தது. ஒரு நிபந்தனை — அவர்கள் அனுப்பும் ஆடிட்டர் முன்னால் தீ ஒத்திகை நடக்க வேண்டும். எல்லாரும் ஒழுங்காக வெளியே வந்தால் ஆர்டர். வராவிட்டால் ஆர்டரும் போச்சு, அந்த எஸ்டேட்டில் என் வேலையும் போச்சு.

முதல் நாள் குடோனில் வகுப்பு எடுத்தேன். ஒன்று, மணி கேட்டதும் வேலையை விட்டுவிட வேண்டும். இரண்டு, எதையும் எடுக்கத் திரும்பிப் போகக் கூடாது. மூன்று, காபி காயவைக்கும் களத்துக்கு வந்து, எல்லாரும் இருக்கிறார்களா என்று தலை எண்ண வேண்டும்.

"மூணாவது நொம்ப சுலபமுங்க மேடம்" என்றார் பாப்பாத்தி அக்கா. கொட்டை பொறுக்கும் பெண்களுக்கு அவர்தான் லீடர். "ரெண்டாவதுதானுங்க சிரமம். நாளைக்குக் கறிக்கொழம்பு கொண்டாறேன். அதை எப்படிங்க தீயில உட்டுட்டு வர்றது?"

மறுநாள் காலை ஆடிட்டர் வந்தார். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, கையில் ஸ்டாப் வாட்ச். அந்த எஸ்டேட்டுக்கு மணி என்பது, மரத்தில் தொங்கும் ஒரு தண்டவாளத் துண்டு. அடிப்பவர் வாட்ச்மேன் மாரிமுத்து அண்ணன்.

"விடாம அடிங்கண்ணே" என்றேன்.

"விடாமயேங்களா?"

"ஆமா, விடாம."

"அல்லாரும் ஓடிருவாங்களேங்க!"

"அதுக்குத்தானே அடிக்கிறோம்!"

அடித்தார். மலையே அதிர அடித்தார். அடித்து முடித்ததும் கம்பியைப் போட்டுவிட்டு, குடோனுக்குள் ஓடினார்!

அவர் பின்னாலேயே களத்தில் காபி கிளறிக்கொண்டிருந்தவர்கள் ஓடினார்கள். குழாயடியில் நின்றவர்கள் ஓடினார்கள். குடோனில் இருந்த ஒருவரும் வெளியே வரவில்லை. கதவைச் சாத்தினார்கள். தாழ்ப்பாள் விழுந்தது.

இத்தனை பெரிய களத்தில் நானும் ஆடிட்டரும் மட்டும்.

ஜன்னலில் பாப்பாத்தி அக்காவின் முகம் தெரிந்தது. "கண்ணு! அங்க என்ன பண்ற? உள்ள ஓடியா!"

"நீங்க வெளியே வாங்கக்கா! உள்ள தீ!"

"வெளிய காட்டெருமை!"

"எங்கக்கா காட்டெருமை?"

"அதான் தண்டவாளம் அடிச்சுதே!"

அப்போதுதான் உறைத்தது. அந்த எஸ்டேட்டில் தண்டவாளம் விடாமல் அடித்தால் ஒரே அர்த்தம்தான் — காபிச் செடிக்குள் காட்டெருமை இறங்கிவிட்டது. உள்ளே ஓடு, கதவைச் சாத்து. ஒரு மணி நேர வகுப்பு காதோடு நின்றுவிட்டது. கால் தனக்குத் தெரிந்த பக்கம் போய்விட்டது!

நான் விளக்கம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்தது. பாப்பாத்தி அக்காவும் இன்னொரு பெண்ணும் பாய்ந்து வந்தார்கள். ஆளுக்கு ஒருவராக எங்களைப் பிடித்து, மூட்டையை இழுப்பதுபோல உள்ளே இழுத்துப் போட்டார்கள். மறுபடியும் தாழ்ப்பாள். பிறகு அக்கா நிதானமாகத் தலை எண்ணினார்.

"அல்லாரும் இருக்கோமுங்க மேடம். நீங்க சொன்னாப்லயே எண்ணிட்டேன்."

மாரிமுத்து அண்ணனைப் பார்த்தேன். "அடிச்சதே நீங்கதானே! நீங்க ஏண்ணே ஓடுனீங்க?"

"அடிச்சா ஓடணுமுங்க. அடிச்சவன் மட்டும் நின்னா நல்லாவா இருக்கும்?"

ஆடிட்டர் வெள்ளைச் சட்டையில் ஒட்டியிருந்த காபித் தொலியைத் தட்டினார். ஸ்டாப் வாட்சைப் பார்த்தார்.

"மேடம், உங்க தீ விபத்துல எல்லாரும் செத்துட்டோம். ஆனா கணக்கு சரியா இருக்கு."

பாடப் புத்தகத்தில் தீ இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, வழுக்கும் தரைகூட இருக்கிறது. காட்டெருமை எங்கே இருக்கிறது? 'இங்கே எதற்கெல்லாம் பயப்படுவீர்கள்?' என்று அவர்களிடம் கேட்காமலே பாடம் நடத்த ஆரம்பித்துவிடுகிறோம், இல்லையா?

ஆடிட்டர் நல்ல மனிதர். டீ குடித்துவிட்டு இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார். தீக்கு விசில், காட்டெருமைக்குத் தண்டவாளம் என்று பிரித்தோம். விசில் ஊதியதும் எல்லாரும் வரிசையாக வெளியே வந்தார்கள். பாப்பாத்தி அக்கா கையில் மட்டும் கறிக்குழம்புத் தூக்குப்போசி. ஆடிட்டர் அதைப் பார்த்தார்... பார்க்காததுபோல் பேனாவை எடுத்தார்.

"ஏனுங்க சார், ஒரு சந்தேகம்" என்றார் அக்கா. "தீயும் காட்டெருமையும் ஒண்ணா வந்துச்சுனா எந்தப் பக்கமுங்க ஓடறது?"

பேனா காகிதத்துக்கு மேலேயே நின்றது. ஆடிட்டர் என்னைப் பார்த்தார். ஆர்டர், சம்பளம், மானம் எல்லாம் அந்தப் பேனா முனையில்!

"தீயைப் பார்த்தா காட்டெருமை தானாவே ஓடிரும்க்கா" என்றேன், முடிந்த அளவு தைரியமாக.

"அதுக்கு யாருங்க டிரெயினிங் குடுத்தது?"

ஆடிட்டர் சிரித்த சிரிப்பில் கையெழுத்து கோணலாக விழுந்தது. பரவாயில்லை — கோணல் கையெழுத்தும் செல்லுமாம்!