பியானோவுக்குள் பூண்டு

பூண்டை வைத்தது நீங்கள்தான், செயலாளர் ஐயா. நான் இல்லை.

கொடைக்கானலில் உங்கள் சங்கத்து அரங்கைத் திறந்து பூட்டும் வேலை அப்போது எனக்கு. ‘செல்போனை அணைக்கவும்’ என்று பலகை வைக்க ஆரம்பித்திருந்த காலம். மலையேறி வரும்போது செண்பகனூர் தாண்டினால் சிக்னலே கிடைக்காது. ஆனாலும் பலகை இருந்தது.

மூடுபனியில் பியானோவுக்கு ஈரம் ஏறும். அதனால் அதன் கீழ்ப்பலகைக்குப் பின்னால் எந்நேரமும் ஒரு குண்டு பல்பு எரியும். கச்சேரிக்கு முன்னால் பலகையைக் கழற்றி அதை அணைப்பது என் வேலை. அன்று நீங்கள் விடவில்லை.

“பலகையத் தொடாத. உள்ள நானே தொடச்சுட்டேன்.”

நீங்கள் துணி பிடித்து நான் பார்த்ததே இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

முதலில் ஒரு பெண் தனியாக ஒரு மணி நேரம் வாசித்தார். நன்றாகத்தான் வாசித்தார். ஆனால் பல்புச் சூட்டில் ஒரு வாசம் கிளம்பி வரிசை வரிசையாகப் பின்னால் போனது. முன்வரிசை அம்மா ஒருவர் கணவரிடம், “ஏங்க, யாரோ ரசம் தாளிக்கிறாங்க. பசிக்குது” என்றார்.

பிறகு வாசித்த பெண்ணின் தங்கையும் வந்து உட்கார, இருவரும் சேர்ந்து வாசித்தார்கள். அக்கா மிதித்த பெடல் மேலே வரவில்லை. சுரமெல்லாம் ஒன்றோடொன்று கூழாகக் கலந்தது. நிறுத்திவிட்டார்கள். என்னைக் கூப்பிட்டார்கள். எல்லோர் முன்னாலும் பலகையைக் கழற்றினேன்.

இரண்டு கட்டுப் பூண்டு. ஒன்று பெடல் கம்பியில் சிக்கிக் கிடந்தது. பக்கத்தில் என் காலுறை இரண்டும் காய்ந்துகொண்டிருந்தன.

அரங்கமே சிரித்தது. நீங்கள் மட்டும் கத்தினீர்கள். “ஏலே, பூண்டிக்காரா! இது ஓஞ் சோலிதானே?”

நான் பூண்டுக்குப் பேர்போன பூண்டி ஊர்க்காரன். அது போதுமாக இருந்தது. மறுநாள் வெள்ளனே வந்து சாவியை வாங்கிக்கொண்டீர்கள்.

எங்கள் ஊரில் பூண்டை அடுப்புக்கு மேலே கட்டிப் புகையில்தான் காய வைப்போம். அது கறுத்துப் போயிருக்கும். பியானோவுக்குள் கிடந்ததோ வெள்ளை வெளேரென்று இருந்தது. எந்தப் பூண்டிக்காரனும் பல்பை நம்பிப் பூண்டைக் காய வைக்க மாட்டான். முந்தின வாரம் என்னிடம் இரண்டு கட்டுப் பச்சைப் பூண்டு வாங்கி, “வீட்டுல காயப்போட எடமில்லடா” என்று புலம்பியது யார்?

காலுறை என்னுடையதுதான். அன்றே மேடையில் நின்று ஒத்துக்கொண்டேன். அடுத்த கச்சேரிக்கு நானும் வருவேன், முன்வரிசையில் உட்காருவேன். அதே மேடையில் ஏறி, மைக்கைப் பிடித்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்: பூண்டு யாருடையது?