குலசாமிக் கோடு

மகளுக்குப் பேசிய பையன் வீட்டாரும் எங்கள் குலசாமியையே கும்பிடுகிறவர்கள் என்று தெரிந்தது. அப்படியென்றால் பங்காளி, அண்ணன் தங்கை முறை. வரன் கொடுத்த அருப்புக்கோட்டை திருமணத் தகவல் நிலையத்துக்கு ஓடினேன்.

கம்ப்யூட்டர் பார்க்கும் தம்பி ஒல்லியாக இருந்தார். கேள்வியைத் தட்டிவிட்டு, பதில் வரும்வரை கண்ணை மூடிக்கொள்வார்.

“குலசாமிய அன்னைக்கே சொன்னேனே, தம்பி?”

“எல்லாம் உள்ள இருக்கு அண்ணாச்சி. யாருக்கு யாரு சொந்தம், யாருக்கு எந்தச் சாமின்னு கோடு போட்டுத்தான் வச்சிருக்கு. சாஃப்ட்வேர மாத்துனதுல இருந்து, பழைய கேள்வியக் கேட்டா சாமிக் கோட்டப் பாக்காமலே பதில் சொல்லுது.”

கேள்வியை மாற்றி மாற்றி எழுதினார். கண்ணைத் திறந்தபோது, மகளுக்குத் திரையில் வந்த வரன்களில் அந்தப் பையன் இல்லை. “சரியாயிருச்சு!”

“எம்மக அந்தப் பையனோட போன்ல பேச ஆரம்பிச்சிட்டாளே, தம்பி.”

அவர் முகம் வாடியது. “தங்கச்சிகிட்ட நானே வந்து சொல்லவா?”

சண்டை போடத்தான் போனேன். அவர் மேல் ஏன் கோபம் வரவில்லை என்பது முருகனுக்குத்தான் தெரியும்.