றெஜினா அன்ரி சொல்லாத பெயர்

றெஜினா அன்ரி காலமாகிவிட்டார் என்று ஒருவர் தொலைபேசியில் சொன்னபோது நான் கேட்ட முதல் கேள்வி, "ஆர் உங்களுக்குச் சொன்னது?" என்பதுதான். சிட்னியில் எங்கள் ஆட்களின் வாயில் வரும் எதையும் நான் இலேசில் நம்புவதில்லை. தேவாலயத்துக்கே அழைத்து விசாரித்த பிறகுதான் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. அன்ரியோடு பேச்சை விட்டு ஆறு வருடம்.

அவரை அறிந்த உங்களில் பலருக்கு அவர் பிரசவ அறையில் கை பிடித்து நின்றவர். ஊரில் ஆங்கிலம் படிப்பித்தவர். இங்கே, மொழி தெரியாத பெண்களோடு ஆஸ்பத்திரிக்குப் போய் மொழிபெயர்ப்பார். என் மகள் பிறந்தபோதும் வந்தார். இத்தனை வீட்டு இரகசியம் தெரிந்த வாய் சும்மா கிடக்குமா என்று எனக்கு அப்போதே சந்தேகம்.

இருந்தும் ஒருநாள் அவரோடு லிட்கம் ஸ்டேஷனில் ரயில் ஏறியபோது, மனம் பொறுக்காமல் சொல்லிவிட்டேன்: ஊரில் எனக்கு ஏற்கெனவே ஒரு கலியாணம் நடந்து முறிந்தது. கணவருக்குத் தெரியும், அவரின் தாயான மாமிக்குத் தெரியாது. பெட்டி நிறைய வெள்ளையரும் சீனரும். தமிழ் யாருக்கு விளங்கப்போகிறது என்று உரத்துத்தான் கதைத்தேன். இரண்டு கிழமைக்குள், எங்கள் ஆட்கள் கூடி வாழும் கிரவீன் பகுதி முழுக்கக் கதை பரவிவிட்டது. மாமி ஒரு வருடம் என் கையால் சோறு வாங்கவில்லை.

நேரே அன்ரியிடம் போய்ச் சண்டை பிடித்தேன். "நீங்கள் ஒரு கொசிப், அன்ரி! வம்பளக்கிற ஆள்!"

அவர் கோபிக்கவில்லை. "அந்த இங்கிலிஷ் சொல்லின்ர பூர்வீகம் தெரியுமே பிள்ளை? பழைய காலத்தில அது ஞானத்தாயைக் குறிச்சது. கடவுள் வழியில சொந்தம் எண்டு கருத்து. பிறகு பிள்ளைப்பேற்றுக்குத் துணைக்கு வாற பொம்பிளையளையும் அப்பிடிச் சொல்லிச்சினம். அவையள் இருந்து கதைச்ச கதைதான் கடைசியில வீண்கதை எண்டு வந்து நிக்குது."

"நான் பூர்வீகம் கேக்கேல்ல. ஆர் சொன்னது?"

"நான் இல்லை. அதுக்கு மேல கேளாதையும்."

கள்ளம் இல்லாவிட்டால் ஏன் கேட்கக்கூடாது? அன்றோடு பேச்சை விட்டேன்.

இறுதிப் பூசை முடிந்து எல்லோரும் தேநீர் குடிக்கும்போது, முகமும் பெயரும் தெரிந்த ஒரு பெண் என்னிடம் வந்தார். "அக்கா, அண்டைக்கு றெயினில உங்களுக்குப் பின் சீற்றில இருந்தனான். என்ர தங்கச்சிக்கு வாய் தவறிச் சொல்லிப்போட்டன். நான் அங்க இருந்ததை அன்ரி கண்டவா."

நான் நம்பவில்லை. செத்தவரைக் காப்பாற்ற இவர் ஏன் பழியேற்கிறார் என்றுகூட யோசித்தேன். ஆனால் நான் அழுததையும், மூக்குச் சீறியதையும், எந்த ஸ்டேஷனில் இறங்கினேன் என்பதையும் சொன்னார்.

"அப்ப அன்ரி ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"சொன்னா நீங்கள் என்ர வாசலுக்கே வந்திருப்பியள். எனக்கு அப்ப எட்டு மாசம். அன்ரிதான் துணைக்கு வாறதா இருந்தவா."

ஐயோ அன்ரி! உங்களைக் கண்டால் வீதியின் மறுபக்கம் போனேனே. ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் போதுமே.

அந்தப் பெயரை நான் வீடு சேரும் முன்பே மூன்று பேருக்குச் சொல்லிவிட்டேன். வாசலில் மாமி கேட்டார்: "கதையைப் பரப்பினது அன்ரி இல்லையாம். ஆர் பிள்ளை அது?"

வாயைத் திறந்தேன். "தெரியாது மாமி" என்றேன். அன்ரியிடமிருந்து எடுத்து வைத்திருப்பது, பெயரைச் சொல்லாமல் விடும் அந்த ஒன்றைத்தான். இந்த நினைவுக் குறிப்பிலும் அந்தப் பெயரை எழுதவில்லை.